தொழிற்கூடத்தின் திறவுகோல்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் நாட்டுப் பழமொழி. சுரைக்காயின் வடிவையும் நிறத்தையும் ஏட்டில் படித்தவன் பசியாறுவதில்லை; கொடி நட்டு, நீர் பாய்ச்சி, காய் பறித்தவனே பசியாறுகின்றான். இப்பழமொழி எல்லாக் கல்விக்கும் ஓரளவு பொருந்தும். பொறியியற் கல்விக்கோ முழுவதும் பொருந்தும். இரும்பின் இயல்பை நூலில் பல பக்கம் படித்த மாணவன், அரத்தைக் கையிலெடுத்து ஒரு நாழிகை தேய்த்த பின்னரே இரும்பின் கடினம் எத்தகையது என்பதை உணர்கின்றான். ஆதலின் பொறியியல் பயில்வோர்க்கு நூலகம் ஒரு கண் என்றால், தொழிற்கூடம் மற்றொரு கண்ணாகும்.

கையால் செய்து கற்கும் இம்முறை தமிழர்க்குப் புதியதன்று. செங்கற்பட்டு மாவட்டத்துக் கடற்கரையில் உள்ள மாமல்லபுரத்திற்குச் சென்றோர் முற்றுப்பெறாத சிற்பங்கள் பலவற்றைக் கண்டிருப்பர். பாறையைக் கட்டங்கட்டமாகக் கீறி, கட்டத்தினுள் உள்ள கல்லை உளியால் தகர்த்தெடுத்த சுவடுகள் அங்கே இன்றும் தெரிகின்றன. பல்லவர் காலச் சிற்பியர்க்கு அப்பாறைகளே பள்ளி, அவையே தொழிற்கூடம். அவ்வூரிலேயே 1957ஆம் ஆண்டு அரசு தொடங்கிய சிற்பப் பயிற்சி நிலையம் பின்னர்க் கல்லூரியாக வளர்ந்தது. அங்கும் உளியின் ஓசைக்கு நடுவேதான் கல்வி நடைபெறுகின்றது.

அம்மாவட்டத்தில் இன்று பொறியியற் கல்லூரிகள் பல உள்ளன. அவற்றுட் சிலவற்றின் மாணவர் ஆற்றியுள்ள செயல்கள் வியக்கத்தக்கவை. காட்டாங்குளத்தூரில் உள்ள எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்து மாணவர், ஆசிரியர் துணையோடு செயற்கைக்கோள் ஒன்றை உருவாக்கினர். எஸ்.ஆர்.எம்.சாட் என்னும் பெயருடைய அக்கோள் ஏறத்தாழ 11 கிலோ எடையுடையது. வளிமண்டலத்தில் வெப்பத்தைத் தேக்கும் வளிகளை அளவிடுதல் அதன் நோக்கம். 2011ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் சிறீஅரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ஏவுகலம் அதனைச் சுமந்து வான் ஏறியது. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழக மாணவர் செய்த ஜுக்னு என்னும் சிறு கோளும் அதே ஏவுகலத்தில் சென்றது. இதற்கு ஈராண்டு முன்னர், 2009ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள், அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை வளாகத்தில் உருவான அனுசாட் என்னும் 40 கிலோ எடையுள்ள கோள் விண்ணில் செலுத்தப்பட்டிருந்தது.

இத்தகைய பணிகளைத் தனி மாணவர் ஒருவர் செய்து முடித்தல் இயலாது. பல துறை மாணவர் ஒரு குழுவாகச் சேர வேண்டும். இக்குழுக்கள் உலகெங்கும் உள்ளன. 1981ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டின் டெக்சாசு பல்கலைக்கழகத்தில், மாணவர் தாமே வடிவமைத்துக் கட்டிய சிறு பந்தய வண்டிகளுக்கான போட்டி தொடங்கிற்று. 1987ஆம் ஆண்டு ஆத்திரேலியாவில், கதிரவன் ஒளியால் மட்டும் ஓடும் வண்டிகளுக்கான போட்டி தோன்றிற்று. டார்வின் நகரிலிருந்து அடிலெய்டு நகர்வரை ஏறத்தாழ 3000 கிலோமீட்டர் தொலைவை அவ்வண்டிகள் கடத்தல் வேண்டும். நம் நாட்டிலும் 2007ஆம் ஆண்டுமுதல் கரடுமுரடான நிலத்தில் ஓடும் வண்டிகளுக்குப் போட்டி நடத்தப்பட்டது. கோயம்புத்தூரின் பந்தயத் தடத்தில் மாணவர் வண்டிகள் ஓடியுள்ளன. போட்டியின் நாள் முன்னரே குறிக்கப்பட்டது. வண்டி முடியவில்லை என்று அந்நாள் காத்திருப்பதில்லை.

இங்கேதான் ஓர் இடர்ப்பாடு எழுகின்றது. தொழிற்கூடம் காலையில் திறக்கப்பட்டு மாலையில் பூட்டப்படுதல் பல கல்லூரிகளின் வழக்கம். நாளொன்றுக்கு 7 மணி நேரமாக வாரத்தில் 5 நாள் அது திறந்திருப்பதாகக் கொள்வோம். மொத்தம் 35 மணி நேரம் ஆகும். ஒரு வாரத்திற்கோ 168 மணி நேரம் உண்டு. அஃதாவது, பெரும்பொருள் செலவிட்டு வாங்கிய பொறிகள் ஐந்தில் ஒரு பங்கு நேரமே விழித்திருக்கின்றன. எஞ்சிய நேரமெல்லாம் உறங்குகின்றன. அவை விழித்திருக்கும் பொழுதிலும் பாடத்திட்டத்தின்படி பயிற்சி பெறும் வகுப்புகள் அவற்றைச் சூழ்ந்து நிற்கும். குழுவைச் சேர்ந்த மாணவரும் அப்பொழுதில் தத்தம் வகுப்பறைகளில் அமர்ந்திருப்பர். மாணவர்க்கு ஓய்வு கிட்டும் வேளையில் கூடம் பூட்டப்பட்டிருக்கும். கூடம் திறந்திருக்கும் வேளையில் மாணவர்க்கு ஓய்வு இராது.

சில வேலைகள் மணியோசைக்குக் கட்டுப்படாதவை. கடைசல் பொறியில் ஓர் இரும்புத் தண்டை மையம் பிசகாமல் பொருத்துவதற்கே நெடுநேரம் செல்லும். வேலை பாதியில் இருக்கும்போது அதனைக் கழற்றி மறுநாள் மீண்டும் பொருத்தினால், மையம் பழைய இடத்திலேயே அமைதல் அரிது. பந்தய வண்டியின் உடலைக் கரியிழைத் துணியின்மேல் பிசின் ஏற்றி உருவாக்குகின்றனர். பிசினோடு அதனை இறுகச் செய்யும் நீர்மத்தைக் கலந்துவிட்டால், குறித்த நேரத்திற்குள் வேலையை முடித்தே ஆகவேண்டும். கல்லூரிப் பேருந்து புறப்படுகின்றது என்று அதனை இடையில் விட்டுச் செல்ல முடியாது. ஆதலின் மாலைக்குப் பின்னும் தொழிற்கூடம் திறந்திருத்தல் வேண்டும் என்று மாணவர் கேட்பதில் நியாயம் உண்டு.

இக்கோரிக்கை நிறைவேறிய இடம் ஒன்று சென்னையில் உள்ளது. 1959ஆம் ஆண்டு செருமானிய நாட்டின் உதவியோடு தொடங்கப்பெற்றது சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம். அங்கே 2008ஆம் ஆண்டு முன்னாள் மாணவரின் பொருளுதவியால் புத்தாக்க மையம் என்னும் கூடம் நிறுவப்பட்டது. எண்ணத்தோடு உள்ளே வருபவர் பொருளோடு வெளியே செல்லவேண்டும் என்பது அதன் குறிக்கோள். இரவும் பகலும் திறந்திருக்கும் கூடம் என்பது அதன் சிறப்பு. அதனை நடத்துவோர் பெரும்பாலும் மாணவரே. மின்னணுவியல், எந்திர மனிதவியல், வானூர்தி முதலிய துறைகளுக்குத் தனித்தனிக் கழகங்கள் உண்டு. பந்தய வண்டி, கதிரவ வண்டி முதலியவற்றைக் கட்டும் போட்டிக் குழுக்களும் உண்டு. மூத்த மாணவர் இளையோர்க்குக் கருவிகளைக் கையாளக் கற்பிக்கின்றனர், பேராசிரியர் வழிகாட்டுகின்றனர்.

இம்மையத்தில் தோன்றிய குழுக்களுள் ஒன்று ஆவிட்கார் என்பது. காற்று பெரும்பாலும் அகற்றப்பட்ட குழாயினுள், தடையின்றி மிக விரைந்து செல்லும் ஊர்தியை உருவாக்குதல் அதன் நோக்கம். இவ்வகை ஊர்தியை ஐப்பர்லூப் என்பர். 2019ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அமெரிக்க நாட்டின் காத்தார்ன் நகரில் இதற்கான உலகப் போட்டி நடந்தது. இறுதிச் சுற்றுக்குத் தேர்ந்த குழுக்களுள் ஆசியாவிலிருந்து சென்றது ஆவிட்கார் ஒன்றே. செருமனியின் மியூனிக் நகர மாணவர் குழு மணிக்கு 463 கிலோமீட்டர் விரைவை எட்டி வென்றது. தமிழகத்திலிருந்து சென்ற குழு பரிசு பெறாது திரும்பினும், அறிவோடு திரும்பிற்று. 2022ஆம் ஆண்டு இந்திய இரயில்வே அமைச்சகம் இவ்வாராய்ச்சிக்கு 8.34 கோடி உரூபாய் வழங்க முன்வந்தது. செங்கற்பட்டு மாவட்டத்துத் தையூரில், அக்கழகத்தின் மற்றொரு வளாகத்தில், 400 மீட்டருக்கும் மேற்பட்ட நீளமுள்ள சோதனைக் குழாய் 2024ஆம் ஆண்டு இறுதியில் நிறைவுற்றது. மாணவர் கூடத்தில் முளைத்த எண்ணம், நாட்டின் ஆராய்ச்சிப் பணியாக வளர்ந்த வரலாறு இது.

இவற்றைக் கேட்போர், எல்லாக் கல்லூரிகளிலும் இரவெல்லாம் கதவைத் திறந்துவைத்தால் போதும் என்று எண்ணக்கூடும். அங்ஙனம் எண்ணுதல் பிழை. தொழிற்கூடம் நூலகம் போன்றதன்று. நூலகத்தில் உறங்கியவன் புத்தகத்தின்மேல் தலை சாய்ப்பான். தொழிற்கூடத்தில் உறங்கியவன் பொறியின்மேல் சாய்வான்.

கடைசல் பொறியையே எடுத்துக்கொள்வோம். அதில் இரண்டு அங்குலக் குறுக்களவுள்ள ஓர் இரும்புத் தண்டு நிமிடத்திற்கு 1000 சுற்று வீதம் சுழல்வதாகக் கொள்வோம். ஒரு நொடிக்கு ஏறத்தாழ 17 சுற்று ஆகும். கண் ஓர் அபாயத்தைக் கண்டு, மூளை உணர்ந்து, கை அசைவதற்கு ஏறத்தாழக் கால் நொடி செல்லும். அந்தக் கால் நொடியில் தண்டு நான்கு முறை சுழன்றுவிடும். ஒரு சுற்றுக்கு ஆறு அங்குலத்திற்கு மேல் தண்டு தன்மேல் பட்டதைச் சுற்றிக்கொள்ளும். ஆகவே சட்டையின் கையோ, மேலாடையின் முனையோ, அவிழ்ந்த கூந்தலோ அதில் பட்டால், மனிதன் கையை இழுக்க நினைப்பதற்குள் இரண்டடி நீளம் உள்ளே சென்றிருக்கும். இதனாலேதான் சுழலும் பொறியருகே கையுறையும் அணியலாகாது என்று விதி செய்துள்ளனர். கையைக் காப்பதற்கு அணிந்த உறையே கையை இழுத்துச் செல்லும் கயிறாகிவிடும்.

இது வெறும் கணக்கு அன்று. 2011ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், அமெரிக்க நாட்டின் புகழ்வாய்ந்த யேல் பல்கலைக்கழகத்தில் இளம் மாணவி ஒருவர் இரவில் தனியே கடைசல் பொறியில் வேலை செய்துகொண்டிருந்தார். அவருடைய கூந்தல் பொறியில் சிக்கிற்று. பொறியை நிறுத்துவதற்கு அருகில் எவரும் இல்லை. அவர் உயிரிழந்தார். பட்டம் பெறும் நாளை எதிர்நோக்கியிருந்த அறிவுச்செல்வி ஒருத்தியை உலகம் இழந்தது. அதன் பின்னரே அப்பல்கலைக்கழகம், பொறிகள் உள்ள கூடங்களில் மாணவர் வேலை செய்யும் நேரத்தை வரையறுத்து, அந்நேரத்தில் கண்காணிப்பாளர் உடனிருக்க வேண்டும் என்று முறை வகுத்தது.

உறக்கமின்மையும் ஒரு பகையே. 1997ஆம் ஆண்டு ஆத்திரேலிய அறிஞர் இருவர் ஓர் ஆய்வு முடிவை வெளியிட்டனர். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவரின் கையும் மனமும், பல நாடுகளில் வண்டி ஓட்டத் தகாது என்று சட்டம் விலக்கும் அளவு மது அருந்தியவரின் கையையும் மனத்தையும் ஒத்துத் தடுமாறுகின்றன என அவர் கண்டனர். காலை 6 மணிக்கு எழுந்த மாணவர்க்கு இரவு 11 மணிக்கு அந்த 17 மணி நேரம் நிறைவுறுகின்றது. குடித்துவிட்டுப் பொறியைத் தொடுவோம் என்று எந்த மாணவரும் சொல்லமாட்டார். ஆயினும் நள்ளிரவில் கண் சிவக்கப் பொறியருகே நிற்பதைச் சிலர் ஊக்கம் என்று கருதுகின்றனர். அஃது ஊக்கம் அன்று, ஊறு.

அங்ஙனமாயின் மாலையானதும் கதவைப் பூட்டிவிடுதலே நன்று என்பார் சிலர். அதுவும் தீர்வு ஆகாது. பூட்டிய கதவு ஆர்வத்தைப் பூட்டுவதில்லை. கூடத்தில் இடம் கிடைக்காத மாணவர் விடுதி அறையிலேயே மின்கலங்களை மின்னேற்றம் செய்ய முற்படுவர். தூங்கும் தோழர் நடுவே தீப்பற்றும் பொருளை வைத்திருப்பர். காப்புக் கண்ணாடியும், தீயணைக்கும் கருவியும், பொறியைக் கணத்தில் நிறுத்தும் சிவப்புப் பொத்தானும் தொழிற்கூடத்தில் உண்டு; விடுதி அறையில் அவை இல்லை. ஆகவே பூட்டு அபாயத்தை நீக்குவதில்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்திற்கு மாற்றுகின்றது.

பூட்டுதலும் தீர்வன்று, திறந்து விடுதலும் தீர்வன்று எனின், வழிதான் யாது? அவ்வழியைச் செங்கற்பட்டு மாவட்டத்துச் சிற்றூர் ஒன்று நெடுங்காலமாகக் காட்டி வருகின்றது. அவ்வூர் வேடந்தாங்கல். அவ்வூர் ஏரி ஏறத்தாழ 30 எக்டேர் பரப்புடையது. மழைக்காலந்தொட்டு அங்கே நீரில் நிற்கும் மரங்களில் ஆயிரக்கணக்கான நீர்ப்பறவைகள் வந்து கூடு கட்டுகின்றன. பறவையின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாகின்றது. இந்நன்மையை உணர்ந்த ஊரார், அரசின் காவலை எதிர்பாராது தாமே பறவைகளைக் காத்தனர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலப் படைவீரர் பறவைகளைச் சுட்டபோது, ஊரார் செங்கற்பட்டு ஆட்சியரிடம் முறையிட்டு, 1798ஆம் ஆண்டு காப்புரிமை ஆணையைப் பெற்றனர்.  ஏரியால் பயன்பெற்றோரே அதற்குக் காவலராயினர். அவர் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட கட்டுப்பாடே அதற்கு வேலியாயிற்று.

தொழிற்கூடத்திற்கும் இந்நெறியே ஏற்றது. இரவில் அதனைப் பயன்படுத்துவோரே அதன் காவலராதல் வேண்டும். அதற்குரிய முறைகள் சில உள.

முதலாவது, பயிற்சி. எவரும் கற்றுத் தேறிய பொறியை மட்டுமே தொடுதல் வேண்டும். அரமும் சுத்தியும் முதற்படி. துளையிடும் பொறி அடுத்த படி. கடைசல் பொறி அதற்கும் மேற்படி. தேர்ச்சி பெற்றவரின் அடையாள அட்டைக்கு மட்டும் மின்னோட்டம் கிட்டுமாறு பொறிகளை அமைத்தல் இன்று எளிது.

இரண்டாவது, துணை. சுழலும் பொறியருகே எவரும் தனித்து நிற்றலாகாது. ஒருவர் வேலை செய்ய, மற்றொருவர் சிவப்புப் பொத்தானுக்கு எட்டும் தொலைவில் இருத்தல் வேண்டும். அவரும் அதே பொறியை அறிந்தவராதல் நலம்.

மூன்றாவது, நேரம். இரவு முழுதும் கூடம் திறந்திருப்பினும், எல்லா வேலைக்கும் இரவு முழுதும் உரியதன்று. வெட்டுதல், கடைதல், பற்றவைத்தல் ஆகியவற்றை ஒரு குறித்த மணியோடு நிறுத்திவிடலாம். அதன்பின் அளத்தல், பூட்டுதல், வரைதல், மின்கம்பி இணைத்தல் முதலிய அமைதியான பணிகளைச் செய்யலாம்.

நான்காவது, ஒழுங்கு. வந்தவர் பெயரும் நேரமும் பதிவேட்டில் எழுதப்படல் வேண்டும். கடைசல் பொறியில் இரும்பை இறுகப் பற்றும் வாய்க்குச் சக்கு என்று பெயர். அதனை முடுக்கும் சாவியை அதிலேயே விட்டுவிட்டுப் பொறியை ஓட்டினால், அச்சாவி கவண்கல் போலப் பாயும். முடுக்கிய கையே சாவியை உடன் எடுத்தல் வேண்டும் என்பது தொழிலறிந்தோர் முதலில் கற்பிக்கும் பாடம். உடைந்த கருவியை மறைக்காது எழுதிவைத்தலும் அவ்வாறே இன்றியமையாதது. மறைத்தவனைத் தண்டிக்கலாம், சொன்னவனைத் தண்டித்தால் அடுத்த முறை எவரும் சொல்லார்.

இம்முறைகளைக் கற்பிப்போர் யாவர்? தொழிற்கூடத்தில் பல்லாண்டு பணியாற்றிய பயிற்றுநரே ஆவர். வெட்டுளி மழுங்கிவிட்டது என்பதை அவர் கண்ணால் காண்பதற்கு முன்னரே காதால் அறிவர். பொறியின் குரல் மாறும்போதே திரும்பிப் பார்ப்பர். அத்தகையோரின் அறிவு நூலில் இல்லை. ஆயினும் அவர்க்கும் இல்லம் உண்டு, மக்கள் உண்டு. மாணவர் ஆர்வத்திற்காக அவர் ஊதியமின்றி இரவெல்லாம் காத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தல் அறமாகாது. முறைவைத்துப் பணி பகிர்தலும், மாலைப் பணிக்கு உரிய ஊதியம் அளித்தலும், மூத்த மாணவரைப் பயிற்றித் துணைக் காவலராக்குதலும் கல்லூரியின் கடமைகளாகும்.

இன்னொரு செய்தியும் எண்ணத்தக்கது. இரவில் திறக்கும் கதவு எல்லார்க்கும் ஒரேயளவு திறப்பதில்லை. விடுதியில் தங்கும் மாணவர் சில அடி நடந்தால் கூடத்தை அடைவர். மதுராந்தகம், வேடந்தாங்கல் போன்ற ஊர்களிலிருந்து நாள்தோறும் பேருந்தில் வந்து செல்லும் மாணவரோ மாலையில் புறப்பட்டே ஆகவேண்டும். பெண்கள் விடுதியின் கதவு முன்னதாகவே அடைக்கப்படும் கல்லூரியில், இரவுக் கூடம் ஆண் மாணவர்க்கு மட்டுமே உரிய கூடமாகிவிடும். சென்னைக் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் 1943ஆம் ஆண்டிலேயே அ. லலிதா என்னும் அம்மையார் மின்பொறியியலில் பட்டம் பெற்றார். அவர் திறந்துவைத்த கதவை விடுதிக் கடிகாரம் அடைத்துவிடலாகாது. ஆதலின் சனிக்கிழமைப் பகலிலும் விடியற்காலையிலும் கூடத்தைத் திறந்துவைத்தல் வேண்டும். பணி முடித்துத் திரும்பும் மாணவியர்க்குத் துணையும் ஊர்தியும் அமைத்துத் தருதல் வேண்டும். குழுவின் முதன்மையான வேலைகளை நள்ளிரவிற்கு ஒதுக்காமல், அனைவரும் கூடும் வேளையில் செய்தலே நேர்மை.

திறவுகோல் சிறிய பொருள். சட்டைப் பையில் அடங்கக்கூடியது. ஆயின் ஒரு மாணவர் கையில் தொழிற்கூடத்தின் திறவுகோலை அளிக்கும் ஆசிரியர், பல இலட்சம் உரூபாய் மதிப்புள்ள பொறிகளை மட்டும் ஒப்படைக்கவில்லை. அங்கே வேலை செய்யப்போகும் தோழர்களின் கைகளையும் கண்களையும் உயிரையும் ஒப்படைக்கின்றார். அந்நம்பிக்கைக்குத் தகுதி பெறும் மாணவர் அன்றே பொறியாளராகும் பாதையில் அடி வைத்தவராவார். நாளை அவர் கட்டும் பாலத்தின்மேலும், அவர் செய்யும் ஊர்தியினுள்ளும் முன்பின் அறியாத மக்கள் அச்சமின்றிச் செல்வர். பிறர் உயிரைத் தன் உயிர்போல் எண்ணும் பழக்கத்தை அவர் பயிலவேண்டிய இடம் தொழிற்கூடமே. பயிலவேண்டிய காலம் மாணவப் பருவமே.